திருவல்லிக்கேணியில் காணாமல் போன ஷட்ஜம்: ஒரு மைக் கோளாறு, மூன்று வருகைகள்

திருவல்லிக்கேணியில் பாரதி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எனக்குச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. வருகிற கேஸ்களில் முக்கால்வாசி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எழுதி வைக்க அதில் ஒன்றும் இருக்காது. இந்தக் கேஸுக்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது. முதல் தடவையே "சரியாயிடுச்சு" என்று சொல்லிக் காசும் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். சரியாகவில்லை. எங்கே கோட்டை விட்டேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வாடிக்கையாளர் ஒரு பாட்டு டீச்சர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது 67. சனிக்கிழமை மாலை 6.30 மணிக்கு ஜூமில் வாய்ப்பாட்டு வகுப்பு எடுக்கிறார். எதிர் முனையில் நியூ ஜெர்சியில் நான்கு பிள்ளைகள், அவர்களுக்கு அப்போது காலை 9 மணி. வீடு பழைய காலத்து வீடு. நடுவில் முற்றம், கூடத்துச் சுவரில் மரப்பலகை, அதன் மேல் குமிழ் குமிழாகக் கறுப்பு சுவிட்சுகள். இந்தப் பலகை பின்னால் கதைக்குள் வரும்.

சாதனங்கள்: பேரனுக்கு வாங்கிய விண்டோஸ் 11 லேப்டாப், புடவைத் தலைப்பில் கிளிப் போட்டு மாட்டும் காலர் மைக் ஒன்று, ஒரு புளூடூத் ஸ்பீக்கர், எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. எல்லாவற்றுக்கும் கரண்ட் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து.

புகார்

போன் செய்தது பேரன், பிளஸ் டூ படிக்கிற பையன். "அண்ணா, பாட்டியோட மைக் வேலை செய்யலை." நானும் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். "மைக் வேலை செய்யலை" என்பது "உடம்பு சரியில்லை" என்பதைப் போன்றது. தலைவலியா, காலில் முள்ளா என்று அதிலிருந்து ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போனதும் டீச்சர் சொன்ன வாக்கியம்தான் உண்மையான புகார்.

"தம்பி, நான் பேசினா அவங்களுக்கு நல்லா கேக்குதாம். பாடினாதான் கேக்கலையாம். எனக்குப் பாட்டுதானே சோறு போடுது?"

சிரித்துக்கொண்டே கேட்டேன், காதில் வாங்கவில்லை. பாட்டுச் சத்தம் மைக்குக்குத் தூரத்தில் இருந்து வந்திருக்கும், அல்லது நெட் மெதுவாக இருக்கும் என்று மனசுக்குள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

இந்தக் காலர் மைக்கே அந்தப் புகாருக்கு மருந்தாக வந்ததுதான். பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறது என்று பிள்ளைகள் வீட்டில் சொன்னதும், பேரன் கடையில் போய் வாங்கி வந்து சொருகியிருக்கிறான். ஒரு மாற்றமும் இல்லை. கூடவே புதுசாக ஒரு தொல்லை. மைக்கைச் சொருகினால் லேப்டாப் ஸ்பீக்கரில் பிள்ளைகள் குரல் வராது. அதற்காகத்தான் அந்தப் புளூடூத் ஸ்பீக்கர்.

முதல் தடவை

எல்லோரும் பார்ப்பதைத்தான் நானும் பார்த்தேன். விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் மைக்ரோஃபோன் என்று ஒரு பக்கம் இருக்கிறது. மெஷினுக்கே மைக் அனுமதி, ஆப்களுக்கு அனுமதி, டெஸ்க்டாப் ஆப்களுக்கு அனுமதி என்று அதில் தனித்தனி சுவிட்சுகள். முதல் சுவிட்ச் அணைந்திருந்தால் மெஷின் முழுச் செவிடு. எல்லாம் போட்டிருந்தது. கீபோர்டில் மைக்கை நிறுத்தும் பட்டனில் விளக்கு எரியவில்லை, அதாவது மைக் நிறுத்தப்படவில்லை. மைக்கை இயக்கும் மென்பொருளான டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். இதில் முக்கால் மணி நேரம் போயிற்று. பேசினால் கேட்கிற மைக்குக்கு எதற்கு டிரைவர் மாற்றம்? அனுமதியும் டிரைவரும் போனால் பேச்சும்தானே போகும்? அதை அப்போது யோசிக்கவில்லை. கை பழக்கத்தில் வேலை செய்கிறது, மூளை பின்னால் வருகிறது.

உருப்படியாக நான் செய்த ஒரே சோதனை சுரண்டல் சோதனைதான். சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் பகுதியைத் திறந்து வைத்தால், சத்தத்துக்கு ஏற்ப ஒரு கோடு ஏறி இறங்கும். காலர் மைக்கின் தலையை நகத்தால் சுரண்டினேன். கோடு அசையவே இல்லை. டீச்சர் "என்ன தம்பி பண்றீங்க?" என்று கேட்டதற்குக் கோடு பாதி வரைக்கும் எகிறியது. அடுத்து லேப்டாப் திரையின் மேல் விளிம்பில், கேமராவுக்குப் பக்கத்தில் ஊசி முனை அளவுக்கு இரண்டு துளைகள் இருக்குமே, அங்கே சுரண்டினேன். கோடு முட்டி நின்றது.

ஆக, டீச்சர் தலைப்பில் மாட்டியிருந்தது வெறும் நகை. இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தது லேப்டாப்புக்குள் இருக்கும் மைக். டீச்சர் தரையில் பாய் போட்டு உட்கார்ந்து பாடுகிறார், லேப்டாப் நாலடி தள்ளி முக்காலி மேல்.

காரணம் பின்னில் இருந்தது. காலர் மைக்கின் பின்னைக் கழற்றி, கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். மூன்று வளையம் இருந்தால் பின் நாலு துண்டாகப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். இடது காது, வலது காது, எர்த், மைக். போனுக்கும், ஒரே ஓட்டை உள்ள லேப்டாப்புக்கும் அதுதான் பொருந்தும். இரண்டே வளையம் என்றால் மூன்று துண்டு, கேமராவுக்கும் பழைய டெஸ்க்டாப்பின் ரோஸ் நிற ஓட்டைக்கும் ஆனது. பேரன் வாங்கி வந்தது இரண்டு வளையம். அதை லேப்டாப்பில் சொருகினால், மைக் தொடும் இடத்தில் எர்த் போய் உட்காரும். லேப்டாப் "யாரோ சாதா ஹெட்போன் மாட்டியிருக்கிறார்கள்" என்று முடிவு செய்து, தன் ஸ்பீக்கரை அடைத்துவிட்டு, சத்தத்தையெல்லாம் அந்த மைக்குக்குள் அனுப்பும். பிள்ளைகள் குரல் காணாமல் போனது இதனால்தான். வீட்டில் இரண்டு புகார்களாக இருந்தது ஒரே பின்னின் வேலை.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு எங்கள் பக்கத்திலிருந்து எட்டிவிடும் தூரம். போய் ஒரு ஸ்ப்ளிட்டர் வாங்கி வந்தேன். ஒரு பக்கம் நாலு துண்டுப் பின், மறுபக்கம் ரோஸும் பச்சையுமாக இரண்டு ஓட்டைகள். சொருகியதும் லேப்டாப் என்ன மாட்டினீர்கள் என்று கேட்டது. ஹெட்செட் என்றேன். இப்போது காலர் மைக்கைச் சுரண்டினால் கோடு ஏறியது. பச்சை ஓட்டையில் ஒரு சாதாரண இயர்போன், புளூடூத் ஸ்பீக்கருக்கு ஓய்வு.

அப்புறம் நான் செய்ததுதான் இந்தக் கேஸின் பெரிய தப்பு. ஜூமில் கடைப் பையனைக் கூப்பிட்டு, மைக்கைப் பிடித்து, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்றேன். "சூப்பரா கேக்குதுண்ணே" என்றான். கல்யாண மண்டபமோ கட்சிக் கூட்டமோ, மைக் செட்காரர் ஒன் டூ த்ரீ சொன்னால் மைக் சரி. நம் ஊரில் அதற்கு மேல் ஒரு சான்றிதழ் கிடையாது. டீச்சரை ஒரு வரி பாடச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. பேசினால் கேட்கும் என்று அவரே வாசலில் சொன்னதைத்தான் நான் மறுபடி நிரூபித்துவிட்டு வந்தேன்.

ச, ப மட்டும்

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு டீச்சரே போன் செய்தார். கோபம் இல்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. "குரல் கிட்டத்துல கேக்குதாம் தம்பி. ஆனா பாட்டு முன்ன மாதிரியே முழுகிப் போகுதாம்." ஒரு பிள்ளையின் அம்மா வாட்ஸப்பில் அனுப்பிய குரல் செய்தியை எனக்கும் தள்ளிவிட்டார். அதில் அந்த அம்மா சொன்னதை இரண்டு தடவை கேட்டேன்:

"டீச்சர், நீங்க ரி, க எல்லாம் பாடறப்ப நல்லா கேக்குது. ச-வும் ப-வும் வந்து நின்னீங்கன்னா, தண்ணிக்குள்ள முங்கின மாதிரி போயிடுது. சுருதிப் பெட்டி சத்தம் சுத்தமா வரவே இல்லை."

இத்தனை வருஷத்தில் இவ்வளவு துல்லியமாக ஒருவரும் எனக்குப் புகார் சொன்னதில்லை. நெட் மெதுவாக இருந்தால் ஸ்வரம் பார்த்தா வெட்டும்? மைக் கெட்டிருந்தால் ரி-யை விட்டுவிட்டு ச-வை மட்டுமா தின்னும்?

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் டீச்சரிடமே கேட்டேன். ச-வுக்கும் ப-வுக்கும் அப்படி என்ன விசேஷம்?

"அது ரெண்டும் அசையாது தம்பி. மத்த ஸ்வரத்துக்கெல்லாம் கமகம் உண்டு, ஆட்டிப் பாடலாம். ஷட்ஜமும் பஞ்சமமும் அசல ஸ்வரம். நின்ன இடத்துல நிக்கணும்." சொல்லிவிட்டு, சுருதிப் பெட்டியைக் காட்டினார். "இதுவும் அதே ச, ப, ச-தான் ஓயாம போட்டுக்கிட்டிருக்கு."

அசையாதது முழுகுகிறது, அசைவது பிழைக்கிறது. அந்த இடத்தில் எனக்குப் பொறி தட்டியது.

கூடத்தில் டீச்சர் ஜூமைத் திறந்து உட்கார, நான் என் போனில் அதே வகுப்புக்குள் நுழைந்து, இயர்போனை மாட்டிக்கொண்டு வெளித்திண்ணைக்குப் போய்விட்டேன். டீச்சரின் நேர்க்குரல் என் காதில் விழக்கூடாது. பேரன் நடுவில் நின்று தூது சொன்னான். சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டு, அகாரத்தில், அதாவது 'ஆ' என்று, ஒரே ஷட்ஜத்தை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். முதல் இரண்டு மூன்று நொடி அருமையாக வந்தது. அப்புறம் யாரோ கதவைச் சாத்துவதுபோல் மெல்ல மெல்ல அடைபட்டது. டீச்சர் மூச்சு வாங்கி மறுபடி தொடங்கினால் கதவு திறக்கும், மறுபடி சாத்தும். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டுப் பாடச் சொன்னால் இன்னும் சீக்கிரம் அடைத்தது, பெட்டியின் சத்தம் எனக்கு வரவே இல்லை. அதே ஷட்ஜத்தை வேண்டுமென்றே நடுக்கிப் பாடச் சொன்னேன். டீச்சருக்கு அதில் துளியும் இஷ்டமில்லை, "தப்புத் தப்பா பாடச் சொல்றார் உங்க அண்ணன்" என்று பேரனிடம் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது. ஆனால் நடுக்கிய ஷட்ஜம் கடைசி வரைக்கும் முழுசாக வந்து சேர்ந்தது.

அடுத்து ஜூமை மூடிவிட்டு, விண்டோஸின் சவுண்ட் ரெக்கார்டரில் அதே அகாரத்தைப் பதிவு செய்தோம். பத்து நொடி, ஒரு சேதாரமும் இல்லை. சுருதிப் பெட்டியும் பின்னால் தெளிவாக இருந்தது. வாயிலிருந்து மைக், பின், சவுண்ட் சிப், விண்டோஸ் வரைக்கும் பாதை சுத்தம் என்று இதனால் தெரிந்துவிட்டது. ச காணாமல் போவது அதற்கு அப்புறம், ஜூமுக்குள்.

இதில் ஜூமைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. ஒருவர் பேசும்போது பின்னால் ஃபேன் ஓடும், ஏசி உறுமும், தெருவில் ஜெனரேட்டர் ஓடும். பேச்சையும் ஃபேனையும் எப்படிப் பிரிப்பது? பேச்சு நொடிக்கு நாலைந்து அசை வீதம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஃபேன் ஒரே நிலையில் நிற்கும். மாறாமல் நிற்பதை இரைச்சல் என்று எடுத்துத் தள்ளிவிட்டால் பேச்சு மிஞ்சும். ஆபீஸ் மீட்டிங்குக்கு இது வரப்பிரசாதம். ஆனால் நம் சங்கீதத்தில் எது மாறாமல் நிற்கிறதோ அதன் மேல்தான் மற்றதெல்லாம் உட்காருகிறது. டீச்சர் ஐம்பது வருஷமாக அசையாமல் நிறுத்தப் பழகிய ஷட்ஜத்தை, நன்றாக ஓடுகிற ஃபேன் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது. சுமாராகப் பாடுகிறவராக இருந்தால் இந்தக் கோளாறே வந்திருக்காதோ என்னவோ!

திருத்தம் ஐந்து நிமிஷம். ஜூம் செட்டிங்ஸில் ஆடியோ பகுதியில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தேன், அதன் கீழ் ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோடையும் டிக் செய்தேன். மைக் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் டிக்கை எடுத்துவிட்டேன். அது இருந்தால் மெதுவாகப் பாடும் இடத்தைத் தூக்கி, ஓங்கிப் பாடும் இடத்தை அமுக்கும். பேரன் மைக் பூஸ்டை 20 டெசிபலுக்கு ஏற்றி வைத்திருந்தான், மேல் ஷட்ஜம் போனால் கிழிந்தது. 10-க்கு இறக்கினேன். இயர்போன் கட்டாயம் என்று சொல்லிவைத்தேன். ஒரிஜினல் சவுண்டில் இருக்கும்போது ஸ்பீக்கரைத் திறந்து வைத்தால், பிள்ளைகள் குரலே மறுபடி மைக்கில் ஏறிப் போகும். செட்டிங்ஸில் போட்டால் மட்டும் போதாது, வகுப்பு தொடங்கியதும் திரையில் ஜூம் ஜன்னலின் மேலே இருக்கும் பட்டனில் அது ஆன் என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டீச்சர் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி லேப்டாப் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்: "மேலே இடது பக்கம். ஆன்."

இந்தத் தடவை ஒன் டூ த்ரீ சொல்லவில்லை. டீச்சர் சரளி வரிசை பாட, திண்ணையில் உட்கார்ந்து முழுசும் கேட்டேன். ச நின்றது, ப நின்றது, பெட்டியும் கூடவே நின்றது.

ஷட்ஜத்துக்குக் கொஞ்சம் மேலே

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மறுபடி போன். இந்தத் தடவை டீச்சருக்கு உற்சாகம். பாட்டு அட்சரம் தப்பாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. "ஆனா பின்னாடி ஏதோ உர்ருங்குதாம் தம்பி." அந்த அம்மா வகுப்பைத் தன் போனில் பதிவு செய்து அனுப்பியிருந்தார். டீச்சர் ஏற்கெனவே நாலு தடவை கேட்டுவிட்டிருந்தார்.

"என் ஷட்ஜத்துக்குக் கொஞ்சம் மேல ஒண்ணு நிக்குது. சேரவும் மாட்டேங்குது, விலகவும் மாட்டேங்குது. கேக்கவே கூசுது."

மேலேயா கீழேயா என்று நான் திருப்பிக் கேட்டேன். "மேலதான். கால் ஸ்வரம்கூட இருக்காது. ஆனா மேல."

டீச்சர் பாடும் சுருதி ஐந்து கட்டை. கீபோர்டில் அது ஜி, கீழ் ஷட்ஜம் நொடிக்கு 196 அதிர்வு. நம் ஊர் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. மின்சார உறுமல் 50-இல் மட்டும் வராது, அதன் மடங்குகளான 100, 150, 200 எல்லாம் கூடவே வரும். சின்ன இயர்போனில் 50 அவ்வளவாகக் கேட்காது, மேல் மடங்குகள்தான் காதில் ஏறும். 200-க்கும் 196-க்கும் வித்தியாசம் நாலு. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு நாலு தடவை அலை அடிக்கும். டீச்சருக்குக் கூசியது அந்த அலைதான்.

இதில் இன்னொரு சந்தேகமும் தீர்ந்தது. அந்த அம்மா ஸ்பீக்கருக்கு முன்னால் போனைப் பிடித்துப் பதிவு செய்தவர். உறுமல் அவர் வீட்டு ஃபிரிட்ஜாகக்கூட இருக்கலாமே என்று முதலில் நினைத்தேன். ஆனால் அமெரிக்காவில் கரண்ட் 60 சுற்று. அதன் மடங்குகள் 120, 180, 240. ஐந்து கட்டை ஷட்ஜத்துக்குச் சற்று மேலே நிற்க அதில் ஆள் கிடையாது. உறுமல் திருவல்லிக்கேணியைச் சேர்ந்தது. எந்த நாட்டுக் கரண்ட் என்று டீச்சர் காதாலேயே சொல்லிவிட்டார், பின்னால் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் போட்டு அலைவரிசைப் படத்தைப் பார்த்தபோது 100, 150, 200-இல் முள் முள்ளாக நின்றது, அவ்வளவுதான்.

போன வாரம் வரைக்கும் இது ஏன் கேட்கவில்லை? இரைச்சலை நீக்குகிற வேலைக்காரனை நானே போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவன் ஷட்ஜத்தோடு சேர்த்து இந்த உறுமலையும் தள்ளிக்கொண்டிருந்தான். அதற்கு முந்தி லேப்டாப்பின் உள் மைக் வேலை செய்ததால் உறுமலே கிடையாது. அதன் ஒலி உள்ளேயே டிஜிட்டலாக மாறிவிடுகிறது, நீள வயர் இல்லை. காலர் மைக்கை வேலை செய்ய வைத்தவனும் நான்தான். ஆக மூன்றாவது கோளாறு, முதல் இரண்டையும் நான் சரி செய்ததால் தலை காட்டியது.

மூன்றாவது தடவை போனபோது டிரைவர் பக்கமே போகவில்லை. ரெக்கார்டரை ஓடவிட்டு, சார்ஜரை லேப்டாப்பிலிருந்து பிடுங்கினேன். உறுமல் கத்தி வைத்து அறுத்ததுபோல் நின்றது. சொருகினேன், வந்தது. சொருகியபடியே லேப்டாப்பின் அலுமினிய மேல்பாகத்தில் டீச்சரைக் கை வைக்கச் சொன்னேன். உறுமல் பாதியாகக் குறைந்தது. டீச்சர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும் தம்பி. மழைக்காலத்துல ஜாஸ்தி."

"எத்தனை நாளா?"

"வாங்கினதுல இருந்தே. பேரன்தான் சார்ஜ் ஏறுது பாட்டின்னான்."

வீட்டு எர்த்

சார்ஜரின் பின் மூன்று கால், எர்த் கால் தடிமனாக ஒழுங்காக இருந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் மூன்று ஓட்டைகள். பாக்ஸைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, அடிப்பக்க ஸ்க்ரூவைத் திறந்தேன். உள்ளே வந்த வயரில் சிவப்பும் கறுப்பும் மட்டுமே இருந்தன. மேல் ஓட்டைகளின் எர்த் தகடுகள் ஒன்றோடொன்று அழகாக இணைக்கப்பட்டு, எங்கேயும் போகாமல் நின்றன. பல்லைக் கட்டிவிட்டு வாயைத் தைத்த மாதிரி. சுவரில் பலகையில் இருந்த சாக்கெட்டும் அதே கதிதான், மூன்று ஓட்டை இருந்தது, பின்னால் எர்த் வயர் கிடையாது.

வீட்டில் பின்னால் சேர்த்த பகுதியில், ஃபிரிட்ஜ் ஓடும் சாக்கெட்டில் மட்டும் எர்த் உயிரோடு இருந்தது. மல்டிமீட்டரை வைத்தேன். கரண்ட் வரும் பேஸுக்கும், திரும்பும் நியூட்ரலுக்கும் 228 வோல்ட், பேஸுக்கும் எர்த்துக்கும் அதே 228-ஐ ஒட்டி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2. அந்த நல்ல எர்த்திலிருந்து ஒரு வயரை இழுத்து வந்து, சார்ஜில் இருக்கும் லேப்டாப்பின் உடம்போடு அளந்தேன். 108 வோல்ட்.

எண்ணைப் பார்த்துப் பேரன் பயந்துவிட்டான். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகப் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் சின்னச் சின்ன கபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில், கிட்டத்தட்டப் பாதி வோல்ட்டில் லேப்டாப் உடம்பு தொங்கும். கரண்ட் மில்லி ஆம்பியர் கணக்குக்கும் கீழே, அதனால்தான் எறும்போடு நிற்கிறது. ஆனால் அதே எர்த் இல்லாத சாக்கெட்டில் நாளைக்கு ஒரு கிரைண்டரோ இஸ்திரிப் பெட்டியோ உள்ளே வயர் விட்டுப் போனால், எறும்போடு நிற்காது. மைக் கேஸ் அதோடு மைக் கேஸாக இல்லை.

உறுமல் வந்த வழியும் இதுதான். லேப்டாப் உடம்பு நூறு வோல்ட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது, மைக்கின் எர்த் வயர் அதோடு கட்டப்பட்டிருக்கிறது. மைக்கை மாட்டியிருக்கும் மனுஷியோ மண் தரையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவே மெல்லிய வயரில், மில்லி வோல்ட் கணக்கில் வரும் குரலின் மேல் 50 சுற்று ஏறிக்கொள்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. உறுமலுக்கு எர்த் பின்னை உடைத்துவிடு, டேப் சுற்றிவிடு என்று வைத்தியம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு சாதனம் இரண்டு எர்த்தில் இருந்து வட்டம் போடும்போது அப்படிச் செய்தால் சத்தம் நிற்கத்தான் செய்யும், கூடவே உயிர்க்காப்பும் போகும். செய்யாதீர்கள். டீச்சர் வீட்டில் நோய் நேர் எதிர், எர்த் இல்லாததுதான் நோய்.

அந்த வாரத்துக்கு உடனடி மருந்து சுலபம். வகுப்பு ஒரு மணி நேரம், பேட்டரி ஒன்றரை மணி தாங்குகிறது. சார்ஜ் முழுசாக ஏற்றிவிட்டு, வகுப்பின்போது பிடுங்கிவிடச் சொன்னேன். லேப்டாப் ஓரத்தில் இரண்டாவது சீட்டு ஏறியது. நிரந்தரமாக, தெருக்கோடி எலக்ட்ரீஷியன் வந்து ஃபிரிட்ஜ் சாக்கெட்டிலிருந்து கூடத்துக்கு மூன்று வயர் லைன் இழுத்து, புது சாக்கெட் போட்டார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் மூன்று கோர் வயர் உள்ளதாக மாற்றினோம். லேப்டாப் உடம்பை மறுபடி அளந்தேன், ஒரு வோல்ட்கூட இல்லை. சார்ஜரைச் சொருகியபடி ரெக்கார்ட் செய்து, டீச்சர் காதில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் கேட்டார்.

"ஒண்ணும் நிக்கலை."

ஸ்ப்ளிட்டர், பாக்ஸ் இரண்டுக்கும் விலையை மட்டும் வாங்கிக்கொண்டேன். முதல் தடவை வாங்கிய கூலியை மொத்தத்தில் கழித்தேன். டீச்சர் அதற்கு ஒப்பவில்லை, கடைசியில் இரண்டு டம்ளர் காபியில் சமாதானம் ஆனது. கடையில் இப்போது நோட்டின் முதல் பக்கத்தில், மைக் கேஸ் வந்தால் வாடிக்கையாளர் அந்த மைக்கில் என்ன செய்வாரோ அதையே செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். கடைப் பையன் இன்னும் ஒன் டூ த்ரீதான் சொல்கிறான்.

போன வாரம் டீச்சர் மறுபடி போன் செய்தார். பிள்ளைகள் வீட்டிலும் ஒரிஜினல் சவுண்டைப் போடச் சொல்லியிருந்தேன், அப்போதுதான் அவர்கள் பாடுவதும் இவருக்கு முழுசாகக் கேட்கும். போட்டிருக்கிறார்கள்.

"தம்பி, அந்தச் சின்னப் பொண்ணு வீட்டுல ஏதோ உர்ருங்குது."

"நம்ம லைனா இருக்குமோ டீச்சர்?"

"இல்லை இல்லை. இது என் ஷட்ஜத்துக்குக் கீழ நிக்குது. நிஷாதத்துக்கிட்ட."